கடைசி வரிசையில் பறித்தது

மாக்ஸி,
செப்டம்பர் 14

அன்புள்ள கொரின்,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் ரெயால் சித்தப்பா மகள் தெரேஸ் உனக்குச் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் என்னை விலங்கு மாட்டி இழுத்துப் போனதாகச் சொல்லுவாள்.

உனக்கு ஒரு பெட்டியைத் தபாலில் போடப் போனேன். கவுன்டரில் புதுப் பெண். டெக்சஸிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம். பெட்டியை மோந்து பார்த்தாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள், உள்ளே போய் போன் செய்துவிட்டாள். நான் தபால்தலை எடுக்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். பத்தாவது நிமிஷம் போலீஸ். யார் என்கிறாய்? உன்னோடு படித்த டுவேன்.

"லியோ, பெட்டில என்ன?"

"பூ."

"என்ன பூ?"

"என் மகளுக்குப் பூப்பா."

வரிசையில் நின்ற பதினோரு பேரும் பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் கொடி வளர்க்கிற குடும்பம். சிரித்த சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. "நாப்பது வருஷமா ஹாப்ஸ் போடுறவரைப் பாத்துக் கஞ்சாவான்னு கேக்குதே இந்தப் பொண்ணு!" என்று பின்னாலிருந்து எமிலியோ கத்தினான். எனக்குக்கூடக் கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் பார்த்துக்கொள். இரண்டுக்கும் ஒரே நெடி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பாவம், அந்தப் பெண் அழாத குறை. நான்தான் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

பூ நம் கடைசி வரிசையில் பறித்தது. உன் கேஸ்கேட் ரகம். இரண்டு பவுண்டு. நானும் ரெயால் சித்தப்பாவும் ஏணி போட்டுக் கையால் பறித்தோம். அவன் ஏணியைப் பிடிக்கிற லட்சணத்துக்கு நான் உயிரோடு இருப்பதே பெரிது. ஜன்னல் வலையில் பரப்பி, விசிறி போட்டு மூன்று நாள் உலர்த்தினேன்.

ஆகஸ்டில் நீ வராதது நல்லதுதான். காட்டுத்தீப் புகை இன்னும் முழுக்கப் போகவில்லை.

அப்பா

*

மிஸூலா,
செப்டம்பர் 29

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். "என் மகளுக்குப் பூப்பா" என்ற இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

பீர் காய்ச்சும் சாமான் விற்கிற எங்கள் கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் காலையில் நடத்துகிறேன். ஒன்பது பேர். ஒருவருக்கும் பீர் காய்ச்சிப் பழக்கமில்லை. இரண்டு செவிலியர், ஒரு பஸ் டிரைவர், வெண்டல் ஹோக் என்று ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். அவருக்கு எதையும் இரண்டு தரம் கேட்டால்தான் திருப்தி. "ஏம்மா ஒரே ஹாப்? கடையில நாப்பது ரகம் இருக்கே?" என்றார்.

நான் சொன்னேன்: "கத்துக்கிறப்ப ஒண்ணுதான் சார் போடணும். நாலு சேத்தா எது எதோட வாசனைன்னு தெரியாது. தப்பு செஞ்சாலும் ஒண்ணு இன்னொண்ணை மறைச்சிரும். ஒண்ணே ஒண்ணு போட்டா ஒளிய இடமே கிடையாது."

நான் கற்றுக்கொண்ட முறையேதான். முளைகட்டின பார்லியின் மால்ட் பாகைக் கரைத்துக் கொதிக்கவிடுவது, கசப்புக்குத் தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் பூ, சுவைக்குக் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒன்று, அடுப்பை அணைத்த பிறகு வாசனைக்கு இரண்டு. பனிக்கட்டித் தொட்டியில் ஆறவைத்து, ஈஸ்ட் தூவி மூடிவிட்டோம். இரண்டு வாரம் புளிக்கட்டும். பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம். நவம்பர் தொடக்கத்தில் எல்லாரும் சேர்ந்து சுவைப்போம்.

ஒன்று கேட்கணும். பெட்டியைத் திறந்ததும் பம்ப்ளிமாஸ் தோல் வாசனை வருமே, எனக்கு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்குமே, அது இந்த முறை இல்லை. பைன் மரப் பிசின் மாதிரி அடிக்கிறது. எங்கே வைத்து உலர்த்தினீர்கள்?

கொரின்

*

மாக்ஸி,
அக்டோபர் 6

அன்புள்ள கொரின்,

உன் மூக்குக்குப் பரிசு கொடுக்கணும். ரெயால் குளிருக்கென்று பைன் விறகு வெட்டிக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறான். நான் வலையை அதன் பக்கத்திலேயே விரித்துவிட்டேன். என் மூக்குதான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் உலர்த்தும் கொட்டகையில் நின்ற மூக்கு. ரோஜாவும் டீசலும் அதற்கு ஒன்றுதான். காது, பூப் பறிக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்குப் போனது, மூக்கு கொட்டகைக்குப் போனது. கண்ணும் வாயும் மிச்சம் இருக்கிறது, அதில் வாய் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்பான் ரெயால்.

கொதிக்க வைத்தால் பைன் வாசனை போய்விடும். கவலைப்படாதே. பல் டாக்டருக்கு என் வணக்கம்.

அப்பா

*

மிஸூலா,
நவம்பர் 10

அப்பா,

நேற்று பாட்டில் திறந்தோம்.

முதல் வாயிலேயே பஸ் டிரைவர் முகத்தைச் சுளித்தார். செவிலியர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எப்போதும் போடுகிற அதே அளவு பூ, அதே பாகு, ஆனால் கசப்பு இரண்டு மடங்கு. வாசனை மொத்தமும் பைன். வெண்டல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கொரின், தப்பா நினைக்காதே. நான் கேஸ்கேட் போட்ட பீர் இருபது வருஷமா குடிக்கிறேன். இது அது இல்ல. எனக்கென்னவோ சினூக் ரகம் மாதிரி தெரியுது."

"இது எங்க அப்பா கையால பறிச்சது சார்," என்றேன்.

"அவரு மாத்தி எடுத்து வச்சிருக்கலாமில்ல?"

"அந்த வரிசையில வேற கொடியே கிடையாது. எங்க அப்பா ஜோக் அடிப்பார், பொய் சொல்ல மாட்டார்."

ஒன்பது பேர் முன்னால் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். ஒரு பெரிய மனிதரை மன்னிப்புக் கேட்க வைத்தேன் அப்பா.

வீட்டுக்கு வந்து, போன வருஷப் பூ உறைபெட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததை எடுத்தேன். இரண்டு கோப்பையில் வெந்நீர் ஊற்றி, ஒன்றில் பழைய பூ, இன்னொன்றில் நீங்கள் அனுப்பின பூ. மோந்து பார்க்கக்கூடத் தேவையில்லை, சமையலறை வாசலிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம்தான் தெரேஸைக் கூப்பிட்டேன்.

"உனக்குத் தெரியாதா? ஏப்ரல்லயே எல்லாத்தையும் பிடுங்கியாச்சே. கொடி ஏத்துற கம்பமெல்லாம் வாய்க்கா ஓரமாக் குவிஞ்சு கிடக்கு. எங்க அப்பா வசந்தத்துக்கப்புறம் அந்தப் பக்கமே போகலையே," என்றாள்.

அப்படியானால் ஏணியைப் பிடித்தது யார்? விறகை வெட்டியது யார்? ஆகஸ்டில் புகை, வராதே என்று எழுதினீர்களே. அந்த வாரம் மாக்ஸியில் வானம் நீலமாக இருந்ததாம்.

எனக்குப் பதினைந்து வயதில் அந்தக் கொடிகளின் கிழங்குகளை நான் நட்டேன். "கடைசி வரிசை உன்னுது. உன்னைக் கேக்காம ஒரு இலைகூட எடுக்க மாட்டேன்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கேட்டு வாங்கின வார்த்தை இல்லை அது.

பிடுங்கினது ஒன்று. பிடுங்கிவிட்டு அதில் பறித்தது என்று எனக்கு அனுப்பினது இன்னொன்று. இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கொரின்

*

மாக்ஸி,
நவம்பர் 17

அன்புள்ள கொரின்,

உன் கடிதத்தை நான்கு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம் ரெயால் வாசித்தான். "உனக்கு நல்லா வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

கேஸ்கேட்டை இப்போது யாரும் வாங்குவதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்க வந்த ஆள், புது ரகம் நட்டால்தான் கையெழுத்து என்றான். இந்தச் சாலையில் பாதிப் பேர் பிடுங்கிவிட்டார்கள். ஏப்ரலில் உனக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் அடுப்புக்குப் போயின. அப்புறம் உன் வகுப்பைப் பற்றி எழுதினாய். நம் வீட்டுப் பூவை வைத்துத்தான் நடத்தப்போகிறேன் என்று அத்தனை சந்தோஷமாக எழுதினாய். எந்த முகத்தோடு நான் சொல்வேன்?

எமிலியோவிடம் போய்க் கேட்டேன். "கேஸ்கேட்டுக்கு நான் எங்க போவேன், சினூக்தான் இருக்கு" என்றான். சரி கொடு என்றேன். நான் செய்த முட்டாள்தனத்தையும் கேள். உன் கண்ணை ஏமாற்றணுமே என்று மூன்று நாள் மேஜையில் கொட்டி, ஒவ்வொரு பூவாகப் பொறுக்கினேன். தடிமனானதை ஒதுக்கி, கேஸ்கேட் மாதிரி இருப்பதை மட்டும் எடுத்தேன். உன் மூக்கு என் நினைவிலேயே வரவில்லை. நாற்பது வருஷம் ஹாப்ஸ் போட்டவன் டப்பா பீரைத்தான் குடித்தேன். பானைக்குள் போனால் எல்லாப் பூவும் கசப்புத்தானே என்று நினைத்துவிட்டேன்.

அந்த ஒரு வரிசையை விடலாமே என்பாய். முடியாதும்மா. கம்பி எல்லாம் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினது. ஒரு வரிசையை மட்டும் விட்டால் நிற்காது. புது ரகத்தோடு பழையது கலந்துவிடும் என்றும் வாங்குகிறவர்கள் பயப்படுகிறார்கள்.

தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒன்று. நான் உனக்கு எழுதினதை ஒன்பது பேருக்கு வாசித்தாயே, அது எனக்குத் தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தெரேஸிடம் உளவு கேட்டாயே. நானும் கொஞ்சம் வருத்தப்படலாம் அல்லவா?

கிறிஸ்துமஸுக்கு உனக்குப் பிடித்த, மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுடுகிற பை செய்கிறேன். வா.

அப்பா

*

மிஸூலா,
டிசம்பர் 1

அப்பா,

வாசித்தது பெருமைக்கு. "எங்க அப்பா எப்படி எழுதுறார் பாருங்க" என்று சொல்லித்தான் வாசித்தேன். அது உங்களுக்கு வருத்தம் என்றால் வருத்தப்படுங்கள்.

கம்பிக் கதையைத் தபால் நிலையப் பெண்ணிடம் சொல்லுங்கள், நம்புவாள். நான் மாக்ஸியில் பிறந்தவள். கடைசி வரிசை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்குத் தனிக் கம்பம், தனிக் கம்பி. கம்பியை இழுத்துக் கட்ட மண்ணில் நங்கூரம் அடித்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். பறிக்கும் இயந்திரம் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, பிறகு எதோடு எது கலக்கும்? ஒப்பந்தக்காரன் அதை ஏறிட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

மற்றதெல்லாம் எனக்குப் புரிகிறது. நாற்பது ஏக்கரும் போனதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. அந்த ஒரு வரிசை ஏன்?

வகுப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன். வெண்டலிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்பாக்கள் செய்யுறதுதாம்மா" என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நான் வரவில்லை.

கொரின்

*

மாக்ஸி,
பிப்ரவரி 2

அன்புள்ள கொரின்,

நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரியும். இதை வாசித்தால் போதும்.

நான் பீர் காய்ச்சினேன்.

சிரிக்காதே. யாக்கிமா போய் மால்ட் பாகும் ஈஸ்டும் வாங்கினேன். கடைக்காரன், "உங்க தோட்டத்துப் பூவையே போடலாமே லியோ" என்றான். "தோட்டத்துல இப்ப கம்பம்தான் இருக்கு" என்றேன். நீ செப்டம்பரில் எழுதினாயே, தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று, அணைத்த பிறகு இரண்டு, அதே அளவு. பூ மட்டும் எமிலியோவின் சினூக், உனக்கு அனுப்பினதில் ஒதுக்கிவைத்த தடிமனான பூக்கள். நான் உனக்கு அனுப்பினது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியணும் என்று தோன்றியது. அதுவரை நான் அதை வாயில் வைத்ததே இல்லையே.

கொதி வந்தபோது பூவைப் போட்டேன். பானை பொங்கி அடுப்பு, தரை, என் செருப்பு எல்லாம் பாகு. "அடுப்பைக் குறைடா!" என்று ரெயால் கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கவில்லை. ஒரு வாரம் சமையலறையில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் செருப்பு தரையிலேயே நின்றுவிடும், நான் மட்டும் முன்னால் போய்விடுவேன். புளிக்கிறதா என்று தினமும் மூடியைத் திறந்து பார்த்தேன். அது தப்பாமே. பொறுக்காமல் பத்தாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். துணி வைக்கிற அலமாரியில் மூன்று பாட்டில் வெடித்தது. தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற என் ஒரே கோட்டு இப்போது சாராயக் கடை மாதிரி நாறுகிறதாம். எனக்கெங்கே தெரியும்? பாதிரியார்தான் சொன்னார்.

வெடிக்காத ஒன்றை ரெயாலும் நானும் குடித்தோம். அவன் ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதையா அந்தப் பொண்ணுக்குக் குடுத்தே?" என்றான். என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கசப்பு தெரிந்தது கொரின். நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒன்பது பேர் முன்னால் எனக்காக நின்றாயே.

டம்ளரை முழுக்கக் குடித்தேன். ரெயால் வேண்டாம் என்றான்.

அப்பா

*

மிஸூலா,
மார்ச் 9

அப்பா,

22ஆம் தேதி சனிக்கிழமை வகுப்பு இல்லை, வருகிறேன். கொட்டகையில் இருக்கும் என் பெரிய பானையும் பாகை ஆறவைக்கிற செம்புச் சுருளும் வகுப்புக்கு வேண்டும். எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சமைக்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்குக் குறையாமல் புளிக்க விடணும். தினமும் திறக்கக் கூடாது.

கொரின்

*

மாக்ஸி,
மார்ச் 24

அன்புள்ள கொரின்,

நீ நாற்பது நிமிஷம் இருந்தாய். சமைக்காதே என்றாய், சமைக்கவில்லை. இறைச்சிப் பை கடையில் வாங்கினது. அதையும் நீ தொடவில்லை.

என் பீரில் ஒரு வாய் குடித்தாய். "ஈஸ்ட் தூவுறப்ப சூடு ஆறலை. அதான் இந்தச் சாராய நெடி," என்றாய். அந்த ஒன்பது பேரிடம் பேசுகிற குரல் அதுதான் என்று நினைக்கிறேன். நல்ல வாத்தியார் நீ. பத்தாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொள்வாயா என்று கேட்க நினைத்து, உன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

பானையை வண்டியில் ஏற்றிவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போனாய். நான் பின்னாலேயே வந்தேன். குழிகளை மூடக்கூட இல்லை, நீ பார்த்தாய். திரும்பி என் காதருகில் வந்து, எனக்குக் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திக் கேட்டாய்.

"இதை ஏம்ப்பா?"

"கம்பிம்மா. கம்பி நிக்காது."

"சரிப்பா," என்றாய். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த "சரிப்பா"வை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன், இரண்டு நாளாக அது போகவில்லை. கேட்டுவிட்டாய், நான் பொய் சொல்லிவிட்டேன், இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். பேசினால் கம்பி என்றுதான் வாயில் வரும்.

ஏப்ரலில் இயந்திரம் கொண்டுவந்தவன் டேரல். மாலை நாலு மணிக்கு எல்லாம் முடித்துவிட்டுக் கீழே இறங்கிச் சொன்னான்: "வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு வரிசை நிக்குது லியோ. அது என் வேலையில இல்ல. விட்டுட்டுப் போறேன்."

"இல்ல, அதையும் எடு" என்றேன்.

"நல்லாத் துளிர்த்திருக்கே. உன் பொண்ணோடதுதானே?"

"எடுன்னு சொல்றேன்ல."

அவன் ஒருமாதிரி பார்த்துவிட்டு ஏறினான். பத்து நிமிஷ வேலை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தக்காரன் அப்போது ஊரிலேயே இல்லை.

அதற்கு முந்தின ஆகஸ்டில் நீ வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? காபி போட்டு வாசலில் நின்றிருந்தேன். உன் வண்டி வீட்டுக்கு வரவில்லை. எப்போதும் போல நேரே வாய்க்கால் பக்கம் போய் நின்றது. கையைத் தூக்கினேன். நீ கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தாய். அந்த வாரம்தான் இயந்திரத்தில் கை மாட்டி, முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தேன். நீ உட்கார்ந்து, ஆறின காபியைக் குடித்துக்கொண்டே கேட்டாய்: "இந்த வருஷம் இலையில பூஞ்சையே இல்லையேப்பா, என்ன அடிச்சீங்க?"

கந்தகம் என்றேன். கட்டுப் போட்ட கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நீ பார்த்திருந்தால் கேட்டிருப்பாய், எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. உன் அம்மா டூஸான் ஊருக்குக் குடிபோனதிலிருந்து இந்த வீட்டுக்கு வருகிற வண்டி உன்னுடையது ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டு நாள். இரண்டு நாளும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

சனிக்கிழமை நீ கேட்டபோது வாய் வரைக்கும் வந்து நான் சொல்லாதது இதுதான், கொரின். அந்த வரிசை இல்லாவிட்டாலும் என்னைப் பார்க்க நீ வருவாயா என்று தெரிந்துகொள்ளத்தான் அதைப் பிடுங்கச் சொன்னேன். ஆகஸ்ட் வந்ததும், வரமாட்டாயோ என்று பயந்துபோய், புகையாக இருக்கிறது, வராதே என்று நானே எழுதிவிட்டேன்.

அப்பா